கயிறு இல்லாத எதிர் எடை

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சொல்லிவைத்தவர்கள் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்திருக்க மாட்டார்கள். இருபத்து மூன்று வருடமாக ஊராரைப் பதினெட்டாம் மாடிவரை நோகாமல் ஏற்றி இறக்கிய மனிதர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில். எழுபத்திரண்டு படிகள். இந்தக் கணக்கு அவர் மனைவி போட்டது. ஒரே மூச்சில் ஏறுகிறவர்கள் படியை எண்ணுவதில்லை.

கட்டடத்தில் லிஃப்ட்டுக்கான குழி இருந்தது. கட்டியவர் குழியைக் கட்டினார், லிஃப்ட்டை வாங்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் அந்த ஓட்டையைப் பலகை அடித்து மறைத்து, அதன்முன் உடைந்த நாற்காலிகளையும் காலி வாளிகளையும் போட்டு வைத்திருந்தார்கள். மெக்கானிக் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனார், பசியோடு ஓட்டலைக் கடப்பவரைப் போல.

மனைவி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்தார். தையல் இயந்திரத்தின் மிதியை இருபது வருடம் மிதித்த வலது முழங்கால் ஒரு நாள் மடங்க மறுத்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே படி ஏறாதீங்கம்மா" என்றார். படி ஏறாமல் வீட்டுக்குள் போவது எப்படி என்பதை அவர் சீட்டில் எழுதவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். இரண்டாம் மாடியில் யாருடைய வீட்டுச் செருப்பு அலமாரியோ ஒன்று இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மீதியை ஏறுவார்.

அடுத்த தெருவில் ஒரு தரைத்தள வீடு காலியானது. வாசலில் ஒரே ஒரு படி. வீட்டுக்கார அம்மா பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்த்து வைத்திருந்தது எட்டு மாதத்துக்குச் சரியாக இருந்தது. மீதி இரண்டு மாதத்துக்காக வீட்டுக்கார அம்மா ஆறு வாரம் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆறு வாரத்தில் இரண்டு மாத வாடகையைச் சேர்க்க மனிதர்களுக்குத் தெரிந்த வழிகள் சில உண்டு: கூடுதல் நேரம் உழைக்கலாம், தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கலாம், வீட்டுக்கார அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் கெஞ்சலாம். மூன்றிலும் கொஞ்சம் கூச்சம் உண்டு. மெக்கானிக் கூச்சமே தேவைப்படாத நான்காம் வழியைத் தேடி மச்சானிடம் போனார்.

மச்சான் என்பது மனைவியின் தம்பி. செல்போன்களுக்குக் கண்ணாடி ஒட்டும் கடை வைத்திருந்தான். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி அவனுக்கு ஒரு கருத்து இருந்தது. போனில் ஒட்டும் கண்ணாடி ஏன் ஒரு வாரத்தில் விரிசல் விடுகிறது என்பதைப் பற்றி மட்டும் கிடையாது. இரண்டு வருடமாக கிரிப்டோ என்ற இணைய நாணயத்தை வாங்கி விற்றுக்கொண்டிருந்தான், அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஸ்பாட்டா, ஃபியூச்சர்ஸா மாமா? முதல்ல அதை முடிவு பண்ணுங்க" என்றான், யாருடைய போன் மேலோ ஒட்டிய கண்ணாடிக்கு அடியில் சிக்கிய காற்றுக் குமிழை விரல் நகத்தால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே.

"என்னடா வித்தியாசம்?"

"ஸ்பாட்னா காசு கொடுத்து காயினை வாங்கி வெச்சுக்கறது. விலை ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். காயின் நம்மகிட்டயே இருக்கும். ஃபியூச்சர்ஸ்னா காயினே வாங்க வேண்டாம். ஏறுமா இறங்குமான்னு சொல்றோம், அவ்வளவுதான். அதுல லீவரேஜ் இருக்கு. ஒரு ரூபாயை வெச்சுக்கிட்டு இருபது ரூபாய்க்கு விளையாடலாம். அஞ்சு சதவீதம் நம்ம பக்கம் வந்தா, போட்டது டபுள்."

"நம்ம பக்கம் வரலைன்னா?"

"அஞ்சு சதவீதம் அந்தப் பக்கம் போனா, போட்டது காலி. அவங்களே கணக்கை மூடிடுவாங்க. லிக்விடேஷன்னு பேரு." குமிழ் ஓரத்தை அடையாமல் இரண்டாகப் பிரிந்தது. "சுருக்கமா சொல்லணும்னா மாமா, ஸ்பாட் படிக்கட்டு, ஃபியூச்சர்ஸ் லிஃப்ட்."

மீனிடம் தண்ணீரைப் பற்றிச் சொன்னது போல ஆயிற்று.

இருந்தாலும் அவர் முதலில் ஸ்பாட்டில்தான் போட்டார். அதற்குக் காரணம் மனைவி. "போடறதுன்னா போடுங்க. ஆனா வாங்கற பொருள் நம்ம கையில இருக்கணும். துணி எடுக்காம நான் தைக்க ஆரம்பிச்சா கடைக்காரர் சும்மா விடுவாரா?" என்று அவர் சொல்லியிருந்தார். எட்டு மாத வாடகை காயினாக மாறியது. அடுத்த ஒன்பது நாளும் மெக்கானிக் ஒரு நாளைக்கு அறுபது தடவை போனைத் திறந்து பார்த்தார். ஒன்பது நாளில் விலை நூற்றுக்கு ஒன்று ஏறியது. இன்னும் இருபத்து நான்கு ஏறினால்தான் பத்து மாத வாடகை வரும் என்று கணக்குப் போட்டவருக்கு, அந்த வேகத்தில் ஏழெட்டு மாதம் ஆகும் என்றும் தெரிந்தது. இருபது மடங்கு லீவரேஜில் அதே ஒரு சதவீதம் இருபதாக ஆகியிருக்கும் என்பதும் தெரிந்தது. கிடைக்காமல் போன லாபத்தை நஷ்டம் என்று நினைக்கத் தொடங்கியவனுக்கு அதற்குப் பிறகு அறிவுரை சொல்ல முடியாது. அவன் ஏற்கனவே பணத்தை இழந்துவிட்டான், அது வெளியே தெரிவதற்குத்தான் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

ஆனால் இவர் ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் அல்லர். ஆழத்தை அளந்துவிட்டே விட்டார், தன் அளவுகோலால்.

லிஃப்ட்டைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நாம் நிற்கும் கூண்டை மோட்டார் மட்டும் தனியாகத் தூக்குவதில்லை. கயிற்றின் மறுமுனையில் சுவர் ஓரமாக இரும்புக் கட்டிகளை அடுக்கிய ஓர் எதிர் எடை தொங்குகிறது. அவர்கள் தொழிலில் அதைக் கவுண்டர்வெயிட் என்பார்கள். கூண்டு மேலே போனால் அது கீழே வரும். கூண்டு கீழே வந்தால் அது மேலே போகும். மோட்டாரின் வேலை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமாளிப்பது மட்டுமே. இந்த ஏற்பாட்டை இருபத்து மூன்று வருடம் கழற்றி மாட்டிய மனிதருக்கு, பத்தாம் நாள் காலை பல் தேய்க்கும்போது ஞானம் பிறந்தது.

காயினை விற்றுப் பணத்தை இரண்டாகப் பிரித்தார். நான்கு மாத வாடகையை இருபது மடங்கில் 'ஏறும்' என்று போட்டார். மீதி நான்கை அதே இருபது மடங்கில் 'இறங்கும்' என்று போட்டார். இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒன்று போனாலும் மற்றதைத் தொடாது.

அன்று மாலை மனைவிக்கு விளக்கம் நடந்தது. நாற்காலியின் முதுகில் அளவு நாடாவைப் போட்டு, ஒரு முனையில் கத்தரிக்கோலையும் மறுமுனையில் இரும்புத் திரைவளையங்களின் கொத்தையும் கட்டினார்.

"இங்க பாரு. இது ஏறுது, அது இறங்குது. எது செத்தாலும் மத்தது அதே அளவுக்கு வளர்ந்திருக்கும். அதுக்கு மேல விலை நகர்ந்தா எல்லாம் லாபம். எந்தப் பக்கம் போனாலும் நமக்குக் கவலையில்லை."

"ஸ்பாட்னு சொல்லித்தானே வாங்கினீங்க?"

"அது படிக்கட்டு. உனக்கு முழங்கால் வலி வேற."

மனைவி சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை ஒரு தட்டுத் தட்டினார். அது இறங்க, வளையங்கள் ஏறின.

"இதுக்கு நடுவுல நாடா இருக்கு. அதுல ரெண்டையும் கட்டியிருக்கற கயிறு எங்கங்க?"

"எதுல?"

"உங்க போன்ல."

"அது... அது கணக்குப்படி இருக்குது."

"கணக்குல இருக்கற கயித்துல நீங்க தொங்குவீங்களா?"

"உனக்குத் தொழில் தெரியாது" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினார். இருபது வருடத்தில் அவர் மனைவி கேட்ட கேள்விகளில் அதுவே சிறந்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது என்பதையும் சேர்த்துக் கொள்ளவேண்டும். கயிறு கழன்ற எதிர் எடை எங்கே போகும், கூண்டு எங்கே போகும் என்று புதுப் பையன்களுக்கு அவர்தான் வகுப்பு எடுப்பார்.

மச்சான் கேள்வி வேறு மாதிரி. "ஸ்டாப் லாஸ் போட்டீங்களா மாமா? இவ்வளவுக்குக் கீழ போனா தானா வித்துடுன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கறது?"

"கவுண்டர்வெயிட் இருக்கும்போது அது எதுக்குடா?"

"அட! இப்படி ஒரு ஐடியா எனக்குத் தோணலையே மாமா!" என்றான் மச்சான். அவன் வியப்பு உண்மையானதுதான். வேலைக்குப் போன இடத்தில் பிரேக் கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, எதிர் எடை இருக்கிறதே என்று லிஃப்ட்டை ஓட்டிய உதவியாளன் ஒருவனை இந்த மெக்கானிக்தான் போன வருடம் வேலையை விட்டு விரட்டினார் என்பது மச்சானுக்குத் தெரியாது. மெக்கானிக்குக்கு நினைவில் இல்லை.

இரண்டரை வாரம் விலை மேலும் கீழும் ஒரு சதவீதம் ஆடியது. ஒரு பக்கம் வந்த லாபத்தை மறுபக்கம் வந்த நஷ்டம் சரியாகத் தின்றது. நடுவில் சந்தைக்காரன் கட்டணம் என்ற பெயரில் கொஞ்சம் கொறித்தான். ஒன்றுமே வாங்காமல் இருப்பதற்கு ஒருவர் தினமும் காசு கொடுத்துக்கொண்டிருந்தார், அதுவும் மார்தட்டிக்கொண்டு. வேலையிடத்தில் அவருக்கு 'பேலன்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

ஐந்தாம் வாரம் ஒரு திங்கட்கிழமை விலை ஏறத் தொடங்கியது. செவ்வாய் காலை ஐந்து சதவீதத்தைத் தொட, 'இறங்கும்' என்று போட்ட நான்கு மாத வாடகை செத்தது. அதற்குச் சமமாக 'ஏறும்' பக்கம் வளர்ந்து எட்டாகியிருந்தது. கணக்குப் பிசகவில்லை. இன்னும் இரண்டரை சதவீதம் ஏறினால் பத்து. மெக்கானிக் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டப்பாமேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டரை. ஒன்பது. நண்பகலுக்குக் கொஞ்சம் முன்பு ஒன்பதரையைத் தொட்டது.

அந்த நேரத்தில் மனைவி கூப்பிட்டார்.

போனில் யாராவது கூப்பிட்டால் அவர்கள் பெயர் திரையை மறைத்துக்கொண்டு வரும். அந்தப் பெயருக்கு அடியில் விலை இருந்தது. மெக்கானிக் அழைப்பை வெட்டினார். மறுபடி வந்தது. மறுபடி வெட்டினார். மூன்றாவது தடவை அழைத்தது அலுவலகம். அதை வெட்ட முடியவில்லை.

"பேலன்ஸ் அண்ணே, அதே பில்டிங்ல ரெண்டாம் நம்பர் லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள மூணு பேர்."

இங்கே அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும், சிக்கனமாகவே சொல்லலாம். அவர் போனார். போட்டதை விற்றுவிட்டுப் போகவில்லை, நிறுத்தும் விலை எதையும் போட்டு வைக்கவில்லை, ஆனால் போனார். லிஃப்ட் குழிக்குள் போனில் சிக்னல் கிடையாது. கூண்டின் கூரைமேல் இறங்கி, உள்ளே அழுதுகொண்டிருந்த ஒருவரிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "பயப்படாதீங்க சார். கயிறு அறுந்தாகூட பிரேக் பிடிச்சுக்கும். ஒண்ணுக்கு மேல ஒண்ணு பாதுகாப்பு வெச்சுத்தான் செஞ்சிருப்பாங்க." சொல்லும்போது அவர் குரல் நடுங்கவே இல்லை. ஒரு மணி பத்து நிமிடத்தில் மூன்று பேரையும் வெளியே எடுத்தார்.

ஏழாம் மாடி நடைபாதையில் போன் உயிர் பெற்றது. அந்த ஒரு மணி பத்து நிமிடத்தில் விலை பன்னிரண்டு சதவீதம் விழுந்திருந்தது. ஏன் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தது போல மாலையில் பலர் பேசினார்கள். 'ஏறும்' பக்கமும் செத்திருந்தது. திரையில் ஒரு பூஜ்யமும், அதன்கீழ் அடுத்த முறைக்கான பத்து சதவீதக் கட்டணச் சலுகையும் இருந்தன.

சாயங்காலத்துக்குள் விலை, ஒரு மாதத்துக்கு முன்பு அவர் காயின் வாங்கிய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. ஸ்பாட்டில் வைத்திருந்தால் எட்டு மாத வாடகையும் அப்படியே இருந்திருக்கும். ஏறும் என்றும் சொன்னார், இறங்கும் என்றும் சொன்னார். இரண்டும் நடந்தன. இரண்டிலும் தோற்றார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி இரண்டாம் மாடிச் செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். ஏன் கட் பண்ணீங்க?"

"வேலையா இருந்தேன்."

"வீட்டுக்கார அம்மா கடைக்கே வந்துட்டாங்க. வேற ஆளு வந்து பார்த்துட்டுப் போனாங்களாம். இன்னிக்கே ஒன்பது மாசம் கொடுத்தாலும் போதும், மீதியை மெதுவாக் கொடுங்கன்னாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் காலி லிஃப்ட் குழி.

"அப்போ ஒன்பதரை இருந்துச்சு" என்றார்.

"இப்போ?"

அவர் சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பூஜ்யத்தை விளக்க என்ன இருக்கிறது? ஆனால் நிறுத்த மனமில்லாமல் தொடர்ந்தார். "அந்த மூணு பேரு அந்த லிஃப்ட்ல ஏறாம இருந்திருந்தா..."

"ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க படியில ஏறணும்ங்கறீங்களா?" என்றார் மனைவி. பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்து, மேலே போகாமல் கீழே இறங்கத் தொடங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்.

போனது தம்பி கடைக்கு. மெக்கானிக் பின்னாலேயே போனார். மச்சான் அக்காவைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உன் காசு எவ்வளவுடா போச்சு?"

"எனக்கு ஒண்ணும் போகலைக்கா. நான் ஸ்பாட்லதானே வெச்சிருக்கேன்."

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்போ மாமாவுக்கு மட்டும் ஏண்டா அந்த லிஃப்ட்டு?"

"எது வேணும்னுதானே கேட்டேன்? அவர்தான்..." மச்சான் ஒரு போன் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் கொடுத்த ரெஃபரல் கோடைப் போட்டுத்தானே கணக்கு ஆரம்பிச்சாரு, அவர் கட்டற ஃபீஸ்ல முப்பது சதவீதம் எனக்கு வரும். ஸ்பாட்ல ஃபீஸ் ரொம்பக் கம்மிக்கா. ஃபியூச்சர்ஸ்ல இருபது மடங்குக்கும் ஃபீஸ் உண்டு."

"எவ்வளவு வந்துச்சு?"

"வேண்டாம்க்கா."

"சொல்லு."

"ரெண்டு நாள் வாடகை இருக்கும்."

அந்த அம்மா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "என் முழங்காலை விக்கறதுன்னு ஆயிடுச்சு. கொஞ்சம் பேரம் பேசியாவது வித்திருக்கக் கூடாதா?"

தரைத்தள வீட்டுக்கு மறுநாளே வேறு ஆட்கள் வந்தார்கள். இவர்கள் கட்டடத்தின் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், முன்பு காவல்காரர் தங்கிய அறை ஒன்று இருந்தது. ஒரு கட்டில், ஒரு தையல் இயந்திரம், நடுவில் ஒருவர் நிற்க இடம். மோட்டார் ஓடும்போது சுவர் அதிரும் என்பதால் யாரும் முன்பணம்கூடக் கேட்கவில்லை. மனைவி தன் கூலியில் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இரண்டாவது கட்டிலுக்கு அங்கே இடமில்லை. இடம் இருந்தால் தன்னையும் கூப்பிட்டிருப்பாரா என்று மெக்கானிக் கேட்டுப் பார்க்கவில்லை.

அடுப்பு மேலேயே இருந்தது. ஆகவே சமையல் மெக்கானிக்குடையது. முதல் வாரம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுபத்திரண்டு படி இறங்கினார், ஏறினார். அவரும் எண்ணப் பழகினார். இரண்டாம் வாரம் பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய உருளையைப் பால்கனியில் பொருத்தி, கயிறு போட்டார். கயிற்றின் ஒரு முனையில் சாப்பாட்டு அடுக்கு, மறுமுனையில் அதன் எடைக்குச் சரியாக மணல் நிரப்பிய டப்பா. அடுக்கு இறங்கினால் டப்பா ஏறும். விரலால் தள்ளினாலே போதும். கச்சிதமான வேலை, அதில் குறை சொல்ல முடியாது. தன் வாழ்நாளில் தன் மனைவிக்காக அவர் பொருத்திய முதல் லிஃப்ட்.

கீழேயிருந்து குரல் வரும். "இதென்ன, உப்பை இருபது மடங்கு போட்டிருக்கீங்க?"

"தண்ணி ஊத்திக்கோ!"

"வாயில வெச்சதுக்கு அப்புறமா?"

தெருவில் போகிறவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

மெக்கானிக் மனம் தளரவில்லை. மனம் தளர்வதற்கு முதலில் தவறு செய்தது தான் என்று தெரியவேண்டும். சந்தைக்காரர்களே பயிற்சிக்கென்று ஒரு கணக்குத் தருகிறார்கள். அதில் உள்ள பணம் பொய்ப் பணம், விலை மட்டும் நிஜம். அவர் இப்போது அதில் அதே எதிர் எடை முறையை ஆடுகிறார். நான்கு தடவை ஜெயித்துவிட்டார். திரையில் தொண்ணூறு மாத வாடகை நிற்கிறது. அதை அவர் மச்சானுக்குக் காட்டியும் ஆகிவிட்டது.

போன ஞாயிறு மதியம் அடுக்கைக் கயிற்றில் மாட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. விலை நகர்கிறது என்ற அறிவிப்பு. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனை எடுத்தார். மணல் டப்பாவின் காது அன்று சரியாக மாட்டப்படவில்லை. பாதி வழியில் அது கழன்று விழுந்தது. கயிறு அவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. அடுக்கு தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது எப்படியோ பிடித்து நிறுத்தினார், போனை வாயில் கவ்விக்கொண்டு.

கீழே மனைவி கட்டடச் சுவரோரம் ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்த்தார். மணல் டப்பா அவர் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி உடைந்து கிடந்தது.

"இது கழண்டா அது எங்க போகும்னு இப்போ தெரிஞ்சுதா?"

மேலே இருந்து பதில் வரவில்லை. வாயில் போன் இருந்தது.

"அதைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றார் அந்த அம்மா. "சோறு ஆறுது."